இடது கார்னர்

உடற்கல்வி ஆசிரியர் வேலையில் எனக்கு இது பதினெட்டாவது வருடம். பெண்கள் கபடி டீமுக்குக் கேப்டன் போடுவதைப் பற்றி இத்தனை நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டதே இல்லை. எதிரணிப் பக்கம் பாடிப் போய் அதிகப் பாயின்ட் எடுத்துவருகிற ரெய்டர்தான் கேப்டன். காலை பிரேயரில் பேர் சொல்லிக் கைதட்டுவதும் அவளுக்குத்தான். கார்னரில், அதாவது தற்காப்பு வரிசையின் ஓரத்தில், நிற்பவளின் வேலை, பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்துத் தொங்குவது. முழங்கை தேயும், முகத்தில் உதை விழும், கைதட்டல் மட்டும் விழாது.

எங்கள் இடது கார்னர் பத்தாம் வகுப்பு. பயிற்சிக்கு முதலில் வந்து சுண்ணாம்புக் கோடு போடுவாள், தண்ணிக் கேனைத் தூக்கி வருவாள். கபடியில் எதிரணி ஆள் ஒருவர் அவுட்டானால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவர் உள்ளே வரலாம். முதலில் போனவர் முதலில். பிடி விழுந்ததும் மற்றவர்கள் குதித்துக் கூச்சல் போடுவார்கள். இவள் மட்டும் பெஞ்ச் பக்கம் திரும்பி, “ஏய், நீதான் அடுத்து, வா!” என்பாள். ஆட்டத்தின் நடுவிலும் யார் எந்த வரிசையில் வெளியே போனார்கள் என்ற கணக்கு அவளிடம் இருக்கும். அதை அவளுடைய ஞாபக சக்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

2025-இல் குறுவட்டப் போட்டிக்குப் போயிருந்தோம். துணைக்கு வரவேண்டிய டீச்சர் அன்றைக்கு லீவு. ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எழுந்திருக்க மாட்டேன் என்று சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். பயம் என்று நினைத்து நான் ஒரு அதட்டல் போட்டேன். இடது கார்னர் குறுக்கே வந்தாள். “சார், நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்.” தன் துப்பட்டாவை எடுத்து அந்தப் பிள்ளையின் இடுப்பில் சுற்றி, கழிவறைப் பக்கம் கூட்டிப் போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாப்கின் அவள் பையில் இருந்தது. என் முதலுதவிப் பெட்டியில் பேன்டேஜ், கத்தரிக்கோல், வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் இருந்தன. பெண் பிள்ளைகளை இத்தனை வருடம் போட்டிக்கு அழைத்துப் போகிறவனுக்கு அது ஒன்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போதும்தான். விசில் அடித்துவிட்டார்கள். இவள் திரும்பி வரும்வரை மாற்று ஆளை இறக்கினேன். நான்கு பாயின்டில் தோற்றோம். ரெய்டர் என்னிடம் வந்து, “அக்கா மேல கோபப்படாதீங்க சார்” என்றாள். நான் கோபமாகவே இல்லை என்பதை நம்பவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்த அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் நம் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார். அவ்வளவுதான், எங்கள் மைதானத்தில் புதுப் பிள்ளைகள் குவிந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ரெய்டராக வேண்டும். அவர்களுக்கு அடிபடாமல் விழுவது எப்படி என்று தினமும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

போன மாதம் அவளைக் கூப்பிட்டு, இனி நீதான் கேப்டன் என்றேன். முகம் மாறிவிட்டது.

“அப்ப தண்ணிக் கேன் யார் சார் தூக்குவா?”

“நீதான்.”

“அப்பச் சரி சார்” என்று கோடு போடப் போய்விட்டாள்.