சாயாத பெட்டியில் ஷ்டோஸ் மலைக்கு

பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு இந்த ரயிலை விளக்குவது சுலபம். மலைச்சரிவில் தண்டவாளம், இழுக்க ஒரு கம்பி வடம். வடத்தின் இரு முனையிலும் ஆளுக்கொரு ரயில்; ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், பாதி வழியில் இரண்டும் விலகிக்கொள்ளும். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் ஊருக்குப் பக்கத்திலிருந்து ஷ்டோஸ் கிராமத்துக்குப் போகும் இந்தப் பாதையின் சரிவு சில இடங்களில் 110 சதவீதம். அதாவது 100 மீட்டர் முன்னே நகர்வதற்குள் 110 மீட்டர் உயரம் ஏறிவிடும். 2017 டிசம்பரில் திறந்தார்கள்.

பெட்டிகள் நான்கும் பீப்பாய் வடிவம். சரிவு கூடக் கூட பீப்பாய் தானாகச் சுழன்று தரையைச் சமமாகவே வைத்திருக்கிறது. சோதித்துப் பார்க்கத் தண்ணீர் பாட்டிலைக் காலடியில் நிறுத்தினேன். அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள்தான் கோணல்மாணலாகத் தெரிந்தன. சில நிமிடங்களில் 744 மீட்டர் மேலே வந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றம், பயப்படத் தயாராகப் போயிருந்தேன்!

அந்தப் பயமெல்லாம் அப்புறம் வந்தது. ஷ்டோஸில் சாலையில் கார் கிடையாது, மாட்டு மணிச் சத்தம்தான். அங்கிருந்து நாற்காலி லிஃப்டில் கிளிங்கென்ஷ்டாக் சிகரம், 1,935 மீட்டர். அதிலிருந்து ஃப்ரோனால்ப்ஷ்டாக் வரை மலை முகட்டின் மேலேயே ஒரு நடைபாதை. ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை, இரண்டு மணி நேரம் என்கிறார்கள். எங்களுக்கு மூன்றரை ஆனது. ஒற்றையடிப் பாதை, இரு பக்கமும் புல் சரிவு. மோசமான இடங்களில் படிகளும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. பெட்டிக்குள் தெரியாமல் போன சரிவு முழுவதையும் முழங்கால் இங்கே எண்ணிக் கொடுத்தது. என் மனைவி விறுவிறுவென்று முன்னால் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் மேகம் வந்து மூடியது. பத்து நிமிடம் ஒரு பாறையில் உட்கார்ந்தோம். விலகியபோது நேர் கீழே லூசர்ன் ஏரி, பச்சையும் நீலமுமாக, அதில் பொம்மை போல ஒரு படகு. மூச்சு வாங்குவதைச் சாக்காக வைத்து இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்தேன்.

ஃப்ரோனால்ப்ஷ்டாக்கிலிருந்து லிஃப்டில் இறங்கி ரயில் நிலையத்துக்கு வந்தபோது வண்டி தயாராக நின்றது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டு, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்ததில் இறங்கினோம்.