ஐம்பது வெள்ளி நோட்டும் அரைக் கிலோ கருவாடும்

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று, இரண்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆர்ட் வகுப்பு உண்டு. அதோடு நின்றால் வீட்டுக்கு ஆபத்தில்லை. ஒரு வாட்டர் கலர் டப்பா, நாலு பிரஷ், பள்ளிச் சட்டையில் போகாத கறை, அவ்வளவுதான். உயர்நிலை மூன்றில் அதையே தேர்வுக்கான பாடமாக எடுத்தால்தான் சாப்பாட்டு மேசை நம் கையை விட்டுப் போகும். எங்கள் வீட்டில் போய்விட்டது. தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டோம்.

இந்தப் பாடத்தில் படைப்பு என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் பிரெப் போர்டு என்று ஒன்று இருக்கிறது. 42க்கு 59.4 சென்டிமீட்டர் உள்ள ஏ2 அட்டைகளில் மைண்ட் மேப், பார்த்து வரைந்த பென்சில் படங்கள், வண்ணச் சோதனைகள், சரிவராத யோசனைகள், அவை ஏன் சரிவரவில்லை, எந்த ஓவியரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும். பொருளை எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்து வரைகிற பகுதி அருமையானது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை, 'இந்த இடத்தில் ஏன் பழுப்பு நிறம்' என்று அரைப் பக்கம் விளக்கம் எழுதுவதைப் பார்த்தால் எங்கள் ஆபீஸ் டெண்டர் பேப்பரே தேவலை போலிருக்கிறது.

இந்த முறை ஆசிரியை கொடுத்த தலைப்பு, 'வீட்டில் அன்றாடம் பார்க்கும் பொருள்'. கூடவே ஒரு நிபந்தனை: சிங்கப்பூர் ஓவியர் ஒருவரை ஆராய்ந்திருக்க வேண்டும். தோழிகள் மைலோ டின், கோப்பிக் கடைக் கோப்பை, பழைய ஸ்னீக்கர் என்று ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தார்கள். என் மகள் என்னிடம் வந்து, “அப்பா, அம்பது வெள்ளி நோட்டு இருக்கா?” என்றாள். வெள்ளி என்றால் எங்கள் பேச்சில் டாலர். பொருள் வாங்கக் காசு கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் போட்டு பூதக்கண்ணாடியால் பார்க்க ஆரம்பித்தாள்.

நீல ஐம்பது வெள்ளி நோட்டின் பின்பக்கத்தை நீங்கள் எப்போதாவது உட்கார்ந்து பார்த்ததுண்டா? கைக்கு வந்த வேகத்தில் போய்விடுகிற நோட்டு என்பதால் நான் பார்த்ததில்லை. அதில் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று சென் வென் ஹ்சி வரைந்த குரங்குகள். இன்னொன்று சியோங் சூ பியெங் 1978இல் வரைந்தது. அதன் தலைப்பே 'உப்புமீன் காயவைத்தல்'. 1946இல் சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1952இல் லியூ காங், சென் வென் ஹ்சி, சென் சோங் ஸ்வீ ஆகியோரோடு பாலித் தீவுக்குப் போய் வந்த நால்வரில் ஒருவர். இவ்வளவையும் மகள் போர்டில் ஒட்டிவிட்டாள். போர்டு நிரம்பியது. பொருளும் கிடைத்துவிட்டது: கருவாடு.

என் அம்மாவிடம் நோட்டைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். “இது யாரு, கெவுருமெண்டா போட்டுச்சு?” என்றார். ஆமாம் என்றோம். “பரவால்லையே. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஆள் வந்தா கருவாட்ட மறைச்சு வைப்போம். இவன் நோட்டுலயே போட்டுட்டான்.” அதே நோட்டில் வீணையும் இருப்பதை நான் காட்டினேன். கருவாட்டுக்குக் கிடைத்த மரியாதை வீணைக்குக் கிடைக்கவில்லை.

அம்மாவின் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கம். இங்கு வந்து வருஷங்கள் ஆகியும் கருவாட்டு விஷயத்தில் யாரையும் நம்பமாட்டார். தேக்கா சந்தையில் நானும் மகளும் வாங்கி வந்த அரைக் கிலோவைக் கையில் எடுத்து, வளைத்து, வயிற்றுப் பக்கம் முகர்ந்து, கீழே போட்டார்.

“ஆளப் பாத்துக் கட்டிக் குடுத்திருக்கான்.”

“அப்பாயி, இது சாப்புட இல்ல. வரையத்தான்.”

“வரையறதுக்குன்னா மட்டும் ஊசிப்போனது பரவால்லையா? பாரு, செவுளுக்கிட்ட உப்பே ஏறல.”

மறுநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அவரே போனார். வாளை, நெத்திலி, ஒரு பெரிய வஞ்சிரத் துண்டம் என்று வந்து இறங்கின. ஆசிரியை இத்தனை மாதமாகச் சொல்லிக் கொடுக்கப் பார்த்ததை அம்மா ஒரே மாலையில் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம். வாளைக் கருவாட்டின் தோல் எங்கே வெள்ளியாக இருக்கிறது, எங்கே மஞ்சள் ஏறியிருக்கிறது, கத்தி போன இடத்தில் சதை எப்படிச் சுருண்டு மடங்கியிருக்கிறது, உப்பு எங்கே பூத்து நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். மகள் வரைந்த முதல் நெத்திலியைப் பார்த்துவிட்டு, “இது உசுரோட இருக்கு” என்று தள்ளிவிட்டார். இரண்டாவதின் கண்ணில் குழி போதவில்லை. சரியாக வந்த படத்துக்கு வாயால் பாராட்டு கிடையாது, “ம்” மட்டும்தான்.

இறுதிப் படைப்பு இப்படி: மூங்கில் குச்சிகளால் ஒரு பந்தல், அதில் சீன ரைஸ் பேப்பரில் மையால் வரைந்த மீன்கள் தொங்கும், நடுநடுவே நிஜக் கருவாடும் தொங்கும். எது படம், எது மீன் என்று ஒரு கணம் குழம்ப வேண்டுமாம். யோசனை நல்லதுதான். நாற்றம் வராதா என்று என் மனைவி கேட்டாள். வார்னிஷ் அடித்தால் வராது என்றாள் மகள். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போய், மூங்கில் குச்சி தவிர எல்லாவற்றையும் வாங்கி வந்தோம். மூங்கில், துணி காயப்போடும் எங்கள் பழைய கம்பிலிருந்து பிளந்தது.

இங்கேதான் ஊர்க் காற்று வேலையைக் காட்டியது. உப்புக்கு ஈரத்தை இழுக்கிற குணம். சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். தேக்காக் கடையில் விறைப்பாக இருந்த வாளை, எங்கள் வீட்டில் ஒரு மழைக்குப் பிறகு தொய்ந்து துவண்டு வியர்க்க ஆரம்பித்தது. வியர்த்த மீன்மேல் வார்னிஷ் அடித்தால் ஒட்டுமா? கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மகள் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தாள். சூடான காற்றில் கருவாடு. அந்த மணம் எங்கள் மாடியைத் தாண்டி லிஃப்ட்டுக்குள் ஏறி, தரைத்தளம் வரை போய் வந்தது. மனைவி சாம்பிராணி போட்டாள். அதற்கு முன்னால் வீட்டில் கருவாடும் வார்னிஷும்தான் மணத்தன, இப்போது கோயிலும் சேர்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கேட்டருகே வந்து நின்றார். மூக்கு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். அதற்குள் அவர், “இக்கான் மாசின்?” என்றார். மலாயில் உப்புமீன். அம்மா உள்ளேயிருந்து, “மாசின், மாசின்!” என்று குரல் கொடுத்தார். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கு நாலு மலாய் வார்த்தையையும் இருபது விரலையும் வைத்துக்கொண்டு வார்னிஷ் அடித்த மீனைப் பார்த்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கடைசியில் இருவருமே ஒரேமாதிரி தலையை ஆட்டி உச்சுக் கொட்டினார்கள். நல்ல மீனை வீணாக்குகிறார்கள் என்பதில் ஒருமித்த கருத்து.

சமர்ப்பிக்கும் நாள் காலையில் டாக்சி பிடிக்கலாம் என்றேன். ஓட்டுநர் பாவம் என்றாள் மனைவி. ஆகவே எம்ஆர்டி ரயில். பந்தலைப் பெரிய குப்பைப் பையால் மூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். நிலையத்தில் அந்த அறிவிப்புப் பலகை தெரியுமல்லவா? புகைத்தால் 1,000 வெள்ளி, சாப்பிட்டால் குடித்தால் 500 வெள்ளி, ஊரைக் கூட்டும் மணமுள்ள டுரியான் பழம் கூடாது. டுரியானுக்கு மட்டும் தொகை போட்டிருக்காது. ஊழியர் ஒருவர் பையைப் பார்த்தார், முகர்ந்தார், பலகையைப் பார்த்தார், திரும்பப் பையைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார்.

“ஆர்ட்,” என்றாள் மகள்.

கருவாட்டுக்குப் பலகையில் படம் இல்லை. விட்டுவிட்டார். ரயிலில் காலை நேரக் கூட்டத்திலும் எங்களைச் சுற்றி நல்ல காற்றோட்டம் இருந்தது.

ஆசிரியை பந்தலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இந்த மணம் திட்டமிட்டதா?” மகள் கண் சிமிட்டாமல், “ஆமாம் டீச்சர், பார்வையாளர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே படைப்பு தொடங்கிவிட வேண்டும் என்பது என் நோக்கம்,” என்றிருக்கிறாள். உண்மையில் அது முந்தைய இரவு பதினொரு மணிக்குக் கடைசி போர்டில் அவசரமாகச் சேர்த்த வரி. வார்னிஷ் தோற்றுவிட்டது என்று எழுத இடமிருந்தது, அவள் அதை எழுதவில்லை. என் ஆபீஸில் இப்படி எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் மேனேஜராகிவிட்டார்கள்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. பார்த்து வரைந்த படங்களுக்குத் தனியாகப் பாராட்டு. விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்:

“வாசத்துக்கு எவ்வளவு போட்டாங்க?”

மற்ற பிள்ளைகளின் படைப்புகள் அடுத்த வாரம் வரை வகுப்பறையிலேயே இருக்கலாம் என்று சொன்னார்களாம். இவளுடையதை மட்டும், சிரமம் இல்லையென்றால், அன்று மாலையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள்.