தேமாந்தண்ணிழல்

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். செல் பாடம் வந்தாலே, செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பான 'மைட்டோகாண்ட்ரியா'வின் பெயரோடு மல்லுக்கட்டு. தமிழ் வழிப் பிள்ளைகள் 'கா'வில் தவறவே மாட்டார்கள்; எழுத்தே சொல்லிக்கொடுத்துவிடும். ஆங்கில வழி வகுப்பில்தான் 'சி', 'எச்' இரண்டையும் பார்த்துவிட்டு 'மைட்டோசாண்ட்ரியா' என்பார்கள். அழுத்தம் 'காண்' மேல் விழ வேண்டும் என்று மேசையைத் தட்டிக் காட்டுவேன். சொல்லுக்கு நடுவே ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது நமக்குப் பழக்கமில்லாதது. பிள்ளைகள் தட்டுவதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த பாடவேளைக்காக வாசலில் நின்ற தமிழ் ஐயாவுக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை. "அசை பிரித்துவிடுங்கள் டீச்சர்" என்று சாக்பீஸை வாங்கினார். மைட், டோ, காண்ட், ரியா. நேர் நேர் நேர் நிரை. "நாலசைச் சீர், தேமாந்தண்ணிழல்!" கூடவே, ண், ட் என இரண்டு ஒற்றுகள் இப்படி அடுத்தடுத்து நிற்க நம் இலக்கணம் இடம் தராது என்று முணுமுணுப்பு வேறு. ஆங்கிலக் கணக்கில் அது ஐந்து அசை. நமக்கு 'ரியா' ஒரே நிரையாக ஒட்டிக்கொள்கிறது. எப்படி எண்ணினாலும் அழுத்தம் மூன்றாவதில்தான். அதன்பின் மேசை பிழைத்தது.

மறுநாள் நானே பகுபதம்போலப் பிரிக்கத் துணிந்தேன். கிரேக்கத்தில் 'மிட்டோஸ்' என்றால் நூல், தறியில் ஓடும் பாவு நூல். 'காண்ட்ரியான்' சிறுமணி. நுண்ணோக்கியில் இழையும் மணியுமாகத் தெரிந்ததற்கு 1898இல் ஜெர்மன் அறிவியலாளர் கார்ல் பெண்டா வைத்த பெயர் இது. தமிழில் இழைமணி என்பது அச்சாக அதே பொருள். இத்தனை ஆண்டுகள் இழைமணியை அடைப்புக்குறிக்குள் எழுதி, வாசிக்காமலே தாண்டியவள் நான்.

"பாவு நூல் எங்கள் வீட்டில் இருக்கிறது டீச்சர்" என்றாள் பத்தமடைப் பிள்ளை ஒருத்தி. அவள் அம்மா கோரைப்பாய் நெய்கிறவர். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் மைட்டாசிஸ்?" என்றாள். அதே நூல்தான். செல் பிரியும்போது இழை இழையாகத் தெரியும் குரோமோசோம்களைப் பார்த்து வைத்த பெயர். நான் சொல்லாமலே அவள் போய்ச் சேர்ந்த இடம் அது.

ஒருமையில் 'மைட்டோகாண்ட்ரியான்' என்று எழுதியதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஆன் விகுதி வந்திருக்கிறதே, ஆண்பாலா டீச்சர்?"

கிரேக்கத்தில் அது ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை என்றேன். ஆனால் நமக்கெல்லாம் அது வருவது தாயின் கருமுட்டை வழியாகத்தான்.

பத்தமடைப் பிள்ளை பின்பெஞ்சுப் பக்கம் திரும்பி, "கேட்டுக்கொள்" என்றாள்.