கிராபிக்ஸ் கார்டு சூடு: ஒரே ஓர் எண்ணை நம்பாதீர்கள்

கேம் ஓடும்போது கார்டு 78 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டுமா? வேண்டாம். காற்றில் குளிரும் கார்டுகள் முழுச் சுமையில் 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை போவது சாதாரணம். ஆனால் அந்த 78-ஐ மட்டும் வைத்து கார்டு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது.

பார்க்க வேண்டிய சூடு மூன்று: கோர் (முக்கியச் சிப்பின் பொதுவான சூடு), ஹாட்ஸ்பாட் (அதே சிப்பில் மிக அதிகம் சூடான இடம்), மெமரி (கார்டில் உள்ள நினைவகச் சிப்புகள்). மூன்றையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். சில புதிய கார்டுகளில் மட்டும் ஹாட்ஸ்பாட் வெளியே தெரியாது. கோருக்கு என்விடியா வைத்திருக்கும் உச்ச வரம்பு ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 93, 4090-க்கு 90 டிகிரி. ஏஎம்டியின் ஆர்டிஎன்ஏ வகைக் கார்டுகளில் ஹாட்ஸ்பாட் 110 வரை போகலாம். ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற வகை மெமரியும் 110-ஐ ஒட்டித்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வரம்பைத் தொட்டதும் கார்டு எரிந்துவிடாது, வேகம் குறையும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் கோர் 80-க்குள்ளும் மெமரி 95-க்குள்ளும் இருப்பது நல்லது என்பது என் கணக்கு.

இந்த எண்களைவிட அதிகம் சொல்வது அவற்றுக்கு இடையிலான வித்தியாசம்தான். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10 முதல் 20 டிகிரி இடைவெளி இயல்பு. அது 30-ஐத் தாண்டினால் ஃபேனை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டும் பெரிதாகப் பயனில்லை. சிப்பின் ஒரு பகுதியில் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) இல்லை, அல்லது ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) சமமாக அமரவில்லை என்று அர்த்தம். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படுவதால் இது நடக்கிறது.

இடைவெளி சரியாக இருந்தும் மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் கோளாறு பெரும்பாலும் காற்றோட்டத்தில். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு அதே கேமை 15 நிமிடம் ஓட்டுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கார்டில் குறையில்லை, அதற்குப் புதுக் காற்று போதவில்லை. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, இதுவே பெரும்பாலும் போதும். அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஆகவே குளிர்காலத்து அளவைக் கோடைக்கால அளவோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

கார்டைக் கழற்றுவதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு எடுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை, 80 சதவீதமாகக் குறையுங்கள். பல கார்டுகளில் வேகம் சில சதவீதம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே இறங்கும். கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் கார்டு இவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது. ஃபேன் வளைவுக்கு (எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) 60 டிகிரியில் 45 சதவீதம், 70-இல் 60, 80-இல் 85 என்று தொடங்கலாம். சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றிருப்பது பல கார்டுகளில் வேண்டுமென்றே வைத்த அமைப்பு, பழுதல்ல.

தூசியை ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் வாரண்டியைப் பாருங்கள். ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுக்காதீர்கள். கார்டைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்கியபின் மெதுவாகத் திருகி எடுங்கள். ஃபேன் ஒயர்கள் சின்னவை, அவசரப்பட்டால் அறுந்துவிடும். பழைய பேஸ்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிப்புக்கு மேல் மூடி இல்லாததால் நடுவில் ஒரு சொட்டு வைத்து விட்டுவிடக் கூடாது, மூலை வரை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். அடிக்கடி ஓரம் தள்ளும் கார்டுக்கு பிடிஎம்7950 போன்ற, சூட்டில் இளகும் தாள் பேஸ்டைவிட நீடித்து உழைக்கும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்க்ரூக்களையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் பாதிப் பாதியாக இறுக்குங்கள்.

பலரும் சறுக்குவது தெர்மல் பேடில், அதாவது மெமரிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டில். 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று ஒரே கார்டிலேயே இடத்துக்கு இடம் தடிமன் மாறும். பழையதை அளந்து, அதே தடிமனில், மெத்தென்ற பேடாக வாங்குங்கள். மாற்றியபின் மெமரி சூடு இறங்கி ஹாட்ஸ்பாட் மட்டும் முன்பைவிட ஏறியிருந்தால் பேட் தடித்துவிட்டது, ஹீட்சிங்கைச் சிப்பில் படியவிடாமல் தூக்கி நிறுத்துகிறது. கார்டை மறுபடி திறந்து மெல்லிய பேட் வையுங்கள்.