முறுக்கு நமுத்ததற்கு ஆங்கிலத்தில் என்ன? ஸ்டாண்டப் காமெடியோடு நாலு மாதம்

போன தீபாவளிக்கு அமெரிக்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு முறுக்கு பார்சல் அனுப்பினோம். போய்ச் சேர்ந்த அன்று வீடியோ காலில் அக்கா மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சித்தி, திஸ் ஒன் வென்ட் ஸ்டேல்" என்றாள். அவளுக்கு ஏழு வயது. எனக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிபடவில்லை. அக்கா பின்னாலிருந்து, "நமுத்துப் போச்சாம்டி" என்றாள்.

நான் பன்னிரண்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மெயில், ரிப்போர்ட் எல்லாம் ஆங்கிலம்தான். டிப்ரிசியேஷன், ரீகன்சிலியேஷன் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விளக்குவேன். ஆனால் முறுக்கு நமுப்பது, பால் பொங்கி வழிவது, சட்டையில் தையல் விடுவது, குழாய் சொட்டிக்கொண்டே இருப்பது, இதற்கெல்லாம் என்னிடம் ஆங்கிலம் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, ஆபீசில் தேவைப்படவும் இல்லை. அக்கா மகளிடம் பேசுவதற்கு எனக்கு வேண்டியது அந்த வீட்டு ஆங்கிலம்தான்.

செய்தி சேனல் பார்த்தேன், அது ஆபீஸ் ஆங்கிலத்தின் அண்ணன். படங்களில் பாதி நேரம் பேச்சே இல்லை. ஸ்டாண்டப் காமெடியில்தான் ஒரே ஆள் ஒரு மணி நேரம் விடாமல் பேசுகிறார். அதுவும் ஃபிரிட்ஜ், கட்டில், மாமியார், ஏர்போர்ட் வரிசை என்று வீட்டையும் தெருவையும் பற்றியே பேசுகிறார். சரி, இதுதான் என்று உட்கார்ந்தேன்.

முதல் மாதம் வீணாகத்தான் போனது. முழு நிகழ்ச்சியையும் சப்டைட்டிலோடு ஓடவிட்டுப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது. மறுநாள் நினைத்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை. கேட்காமல் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதன் பிறகு வழியை மாற்றினேன். ஒரு வாரத்துக்கு ஐந்து நிமிடத் துண்டு ஒன்றே ஒன்று. முதல் தடவை சப்டைட்டில் கிடையாது. கூட்டம் சிரித்து எனக்குச் சிரிப்பு வராத இடத்தில் நிமிடத்தையும் நொடியையும் நோட்டில் குறித்துக்கொள்வேன். மறுநாள் அந்த இடங்களை மட்டும் ஆங்கில சப்டைட்டிலோடு பார்ப்பேன்.

இந்த முறையின் உயிரே அந்தச் சிரிப்புதான். புத்தகம் படிக்கும்போது புரியாத வார்த்தையைத் தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது, நமக்கே தெரியாது. இங்கே அரங்கமே சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான் குறித்த இடங்களில் முக்கால்வாசியில் இடித்தது ஒரு சின்ன வார்த்தைதான். நீளமான வார்த்தைகள் என்னை மடக்கவே இல்லை.

ஸ்டேல் என்ற வார்த்தை திரும்ப வந்ததும் இப்படித்தான். அமெரிக்க காமெடியன் ஜெரி சைன்ஃபெல்டின் பாப்-டார்ட் ஜோக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்-டார்ட் என்றால் உள்ளே ஜாம் வைத்த, டோஸ்டரில் போட்டுச் சூடாக்கித் தின்கிற தட்டையான இனிப்புப் பண்டம். கெலாக்ஸ் கம்பெனி 1964இல் கொண்டுவந்தது. சைன்ஃபெல்ட் 1954இல் பிறந்தவர், ஆக அப்போது அவருக்குப் பத்து வயது. அந்தப் பையனின் பிரமிப்புதான் ஜோக் முழுவதும். இந்த ஒன்றை இரண்டு வருடமாக இழைத்துக்கொண்டிருப்பதாக 2012இல் ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். மஞ்சள் தாளில் கையால்தான் எழுதுகிறார். ஒரு வரி இம்மி நீண்டுவிட்டாலும் எழுத்துக் கணக்கில் சீவி எடுப்பாராம். அதில் ஒரு இடம்: இந்தப் பண்டம் ஸ்டேல் ஆகவே ஆகாது, ஏனென்றால் அது என்றைக்குமே ஃபிரெஷ்ஷாக இருந்ததில்லை என்பார். கூட்டம் சிரித்தது, இந்தத் தடவை நானும் கூடவே சிரித்தேன்.

அகராதியில் ஸ்டேல் என்றால் 'நாட்பட்ட, பழைய' என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு சமையலறையில் ஒன்றும் செய்ய முடியாது. முறுக்கு மொறுமொறுப்புப் போய் மெத்தென்று ஆனால் ஸ்டேல். பிரெட் மெத்தென்று இருந்தது காய்ந்து விறைத்துப்போனாலும் ஸ்டேல்தான். நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே வார்த்தை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. முதலில் இருந்த பதம் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். ஊசிப்போன சாம்பாருக்கு இது ஆகாது, அது 'கான் பேட்'. எண்ணெயில் சிக்கு வாடை அடித்தால் 'ரான்சிட்'. பால் திரிந்தால் 'கர்டில்'. காற்றுப்போன சோடா 'ஃப்ளாட்'. இந்த ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி, எதிரே நம் வார்த்தையையும் எழுதி வைத்திருக்கிறேன். என் நோட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

அடுத்து கவனித்தது, சிரிக்கவைக்கிற வார்த்தையைப் பெரும்பாலும் வரியின் கடைசியில்தான் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஏதாவது பேசினால் சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிவிடும். ஆங்கிலம் கேட்கும்போது வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு முடிவை விட்டுவிடுவது என் வழக்கமாக இருந்தது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும்வரை காத்திருக்கிற காது நம்முடையது. அதே காதை இங்கேயும் வைத்தேன், நிறையவே பிடிபட்டது.

அப்புறம் இந்த அப், ஆஃப், அவே சமாச்சாரம். ஆபீசில் 'போஸ்ட்போன்' என்று எழுதுவதை வீட்டில் 'புட் ஆஃப்' என்கிறார்கள். 'டாலரேட்' என்பது 'புட் அப் வித்'. சாமானை எடுத்து வைப்பது 'புட் அவே'. தனியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து பலமுறை தோற்றிருக்கிறேன். செய்துவிடு, செய்துபார், செய்துவை என்று நாமும் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றுகிறோமே என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து அந்தப் பயம் போய்விட்டது. இப்போது ஒவ்வொன்றையும் என் வீட்டு வாக்கியமாக எழுதுகிறேன்: மழை வந்ததால் வடாம் போடுவதைப் புட் ஆஃப் செய்தோம். காய்ந்த துணியை மடித்துப் புட் அவே செய்தேன்.

யாரைப் பார்ப்பது என்று தோழிகள் கேட்கிறார்கள். கெட்ட வார்த்தை இல்லாமல் பேசுகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள், வீட்டுக் கூடத்தில் தயங்காமல் ஓடவிடலாம். நேட் பர்கட்ஸி அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக்காரர், நிதானமாகப் பேசுவார், ஆரம்பத்துக்கு அவர்தான் ஏற்றவர். பிரையன் ரீகன் வேகம், ஆனால் முகமும் உடம்பும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். அதே பாப்-டார்ட்டை மைக்ரோவேவில் மூன்று நொடி வைக்கச் சொல்லும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் ஒரு துண்டு செய்திருக்கிறார். ஒரே பண்டத்தை இருவர் வேறுவேறு சொற்களில் சொல்லிக் கேட்பது நல்ல பயிற்சி. சாப்பாட்டுச் சொற்களுக்கு ஜிம் காஃபிகன்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மைக்கேல் மெக்கின்டயர். ஆண்கள் வீட்டில் தனக்கென்று வைத்திருக்கும் ஒரு டிராயரைப் பற்றிய அவருடைய துண்டு பிரமாதம். பழைய பேட்டரி, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவி எல்லாம் அதில் கிடக்கும். எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் டிராயரும் அச்சு அசல் அதேதான். அந்தத் துண்டைக் கேட்டு முடித்ததும் எங்கள் டிராயரைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் சொல்லிப் பார்த்தேன். பதினாறு சாமானில் ஐந்துக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் எந்தப் பெயர்ச்சொல்லோடும் கடைசியில் ஒரு 'ட்' ஒலி சேர்த்தால் 'குடிபோதையில்' என்று அர்த்தம் வந்துவிடும் என்று இதே மெக்கின்டயர் செய்துகாட்டுவார். அப்படிப் பிறந்த 'கஸீபோட்' என்ற வார்த்தையை அகராதியில் தேடி அரை மணி நேரம் போனது. 'கஸீபோ' என்றால் தோட்டத்து மண்டபம் என்றுதான் வந்தது. மேடையில் அப்போதே பிறந்த வார்த்தையும் இருக்கும். இரண்டு வெவ்வேறு ஆட்கள் வாயில் கேட்ட பிறகே நோட்டில் ஏற்றுவது என்று இப்போது வைத்திருக்கிறேன்.

நாலாவது மாதம் முடிகிறது. நோட்டில் நூற்றெழுபது சொச்சம் வார்த்தைகள். பேச்சில் தானாக வருவது நாற்பது இருக்கும். ஐந்து நிமிடத் துண்டில் நான் குறிக்கும் இடங்கள் தொடக்கத்தில் பதினைந்து இருந்தன, இப்போது ஐந்தாறு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தோடு வீடியோ காலில் வந்தாள். பேசிக்கொண்டே இருந்ததில் அது ஊறிப்போய்விட்டது. "இட் காட் சோகி" என்று முகத்தைச் சுளித்தாள். "சோகியா, ஸ்டேலா? ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டேன். ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள், "சித்தி, ஸ்டேல் இஸ் பிஃபோர் மில்க். சோகி இஸ் ஆஃப்டர் மில்க்."

அந்தப் பிடித்த பக்கத்தின் அடியில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.