குறைமாதக் குழந்தைக்குப் பம்ப் வைத்துப் பால் எடுத்த அனுபவம்

என் மகள் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் அவசர சிசேரியன். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை. பிறந்த கையோடு என்ஐசியூவுக்கு, அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, கொண்டு போய்விட்டார்கள். அந்த மாதத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து வராது. அதனால் வாய் வழியே வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில்தான் பால் கொடுப்பார்கள். அது தாய்ப்பாலாக இருந்தால், குறைமாதப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய மோசமான குடல் அழற்சிக்கு வாய்ப்புக் குறையும் என்று டாக்டர் சொன்னார். மருந்து, மெஷின் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பால் மட்டும்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

கர்ப்ப காலத்தில் பாலூட்டுவது பற்றி நிறையப் பேர் சொல்லித் தந்திருந்தார்கள். எப்படி மடியில் கிடத்துவது, எப்படி வாயில் பிடிக்க வைப்பது, எப்படி ஏப்பம் விட வைப்பது, எல்லாம் தெரியும். குழந்தை ஒரு மாடியிலும் தாய் இன்னொரு மாடியிலும் இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாருமே சொல்லவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் பம்ப்பே தேவைப்படவில்லை. இரவு டியூட்டியில் இருந்த ஒரு வயதான சிஸ்டர், "மெஷின் வெச்சு இழுத்தா வர்ற ரெண்டு சொட்டும் மெஷின்லயே ஒட்டிக்கும் கண்ணு, கையில எடுக்கலாம் வா" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சீம்பால் கெட்டியாக, மஞ்சளாக, மிகக் கொஞ்சமாகத்தான் வரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பில் வைக்காமல், கருவட்டத்தின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலின் மேல் விரலை இழுத்துத் தேய்க்கக் கூடாது. வருகிற சொட்டுகளை அவர் ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தார். அரை மில்லிகூட இருக்காது. அதையும் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி மேலே அனுப்பினார். பிள்ளையின் கன்னத்தின் உட்புறத்தில் அதைத் தடவி விட்டார்கள் என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த சிஸ்டர் சொன்ன இன்னொரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. பால் எவ்வளவு வருகிறது என்பதை விட எத்தனை முறை எடுக்கிறோம் என்பதுதான் முதல் வாரத்தில் முக்கியம். ஒரு நாளில் எட்டிலிருந்து பத்து முறை, இரவிலும் ஒரு முறையாவது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால் "போதும்" என்று உடம்பு எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். காலியாக்கக் காலியாக்கத்தான் ஊறும்.

வீட்டில் வேறு மாதிரிப் பேச்சு. "பால் ஊறலையா?" என்பதே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அம்மா பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார், அத்தை பால்சுறா வாங்கிப் புட்டு செய்து அனுப்பினார். இரண்டையும் ஆசையாகச் சாப்பிட்டேன். அறுவை சிகிச்சை முடிந்த உடம்புக்கு அந்தச் சாப்பாடும், அதைச் செய்த கைகளும் தேவைதான். ஆனால் சாப்பாட்டை மட்டும் நம்பி, பால் எடுப்பதை நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று தள்ளிப்போட்ட தாய்மார்களையும் அங்கே பார்த்தேன். அவர்களுக்குச் சுரப்பு இறங்கிக்கொண்டே போனது. அவர்கள் மேல் குறை இல்லை. சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாளுக்கு மேல் பம்ப். அம்மா முதலில் மருந்துக் கடையிலிருந்து ரப்பர் பல்பு வைத்த, ஹாரன் மாதிரி இருக்கும் சின்னப் பம்ப்பைத்தான் வாங்கி வந்தார். விலை குறைவு என்பதால் நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உறிஞ்சும் வேகம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பால் பல்புக்குள் போய்விட்டால் அதைச் சுத்தம் செய்யவும் முடியாது. சிஸ்டர் அதைப் பார்த்ததுமே ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். மருத்துவமனையில் இருந்த பெரிய மின்சாரப் பம்ப்பில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். குழந்தை வாய் வைக்காமலேயே சுரப்பை நிலைநிறுத்த வேண்டிய தாய்க்கு அந்த வகைதான் சரி. வாடகைக்கும் கிடைக்கிறது.

ஆனால் அதிலும் எனக்கு ஆரம்பத்தில் வலி உயிர் போனது. காம்பு சிவந்து, ஓரத்தில் வெடிப்பு விட்டது. பத்து நிமிடம் வைத்தாலும் பாட்டிலின் அடி நனைகிற அளவுதான் பால். வேகத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றார் ஒருவர். வேறு கம்பெனி பம்ப் வாங்குங்கள் என்றார் இன்னொருவர். பாலூட்டல் ஆலோசகர் ஒருவர் வாரத்தில் சில நாள் வருவார். அவர் வந்ததும் செய்த முதல் வேலை, ஒரு சின்ன அளவுகோலை எடுத்து என் காம்பின் அகலத்தை அளந்ததுதான். 17 மில்லிமீட்டர். மார்பில் பொருத்த எனக்குக் கொடுத்திருந்த பம்ப் புனலோ 28. காம்போடு சேர்ந்து கருவட்டமும் உள்ளே போய் உரசிக்கொண்டிருந்தது. 21 அளவுப் புனலை மாற்றிப் போட்டதும் அன்றைக்கே வலி பாதியாகிவிட்டது, பாலும் கூடியது. பம்ப் ஓடும்போது காம்பு மட்டும் எங்கும் இடிக்காமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், கருவட்டம் கொஞ்சம்தான் அசைய வேண்டும். கடையில் பெட்டியோடு வரும் அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பொருளோடு ஒரு காகித அளவுகோல் வைத்தால் எத்தனையோ பேரின் வலி மிச்சமாகும்.

வேகத்தைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். குழந்தை முதலில் சின்னச் சின்னதாக, வேகமாக உறிஞ்சும். பால் இறங்க ஆரம்பித்ததும் நிதானமாக, ஆழமாக இழுக்கும். பம்ப்பிலும் அதே மாதிரி இரண்டு கட்டம் உண்டு. பால் இறங்கும்வரை முதல் கட்டத்தில் விட்டுவிட்டு, அப்புறம் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும். வலிக்காத அளவில் எது அதிகமோ அதுவே நமக்கான அளவு. வலித்தால் உடம்பு இறுகிப் பால் இறங்காது. கூடவே, பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் மெதுவாக நீவி, கெட்டியாக இருக்கும் இடத்தை அமுக்கி விட்டால் கடைசியில் வரும் கொழுப்பு மிகுந்த பாலும் இறங்கும்.

என்ஐசியூவுக்குப் பக்கத்தில் தாய்மார்கள் பால் எடுக்க ஒரு சின்ன அறை இருந்தது. திரை போட்டு நாலைந்து நாற்காலி. நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கே கற்றதுதான். பொள்ளாச்சியிலிருந்து வந்த இரட்டைப் பிள்ளைக்காரிக்கு அந்த மின்சாரப் பம்ப் தெய்வம். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பல்லடம் பக்கத்து அக்கா ஒருவருக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. மாட்டைக் கறக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கண் கலங்குவார். அவருக்குக் கைப்பம்ப் ஒத்துப்போனது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாப் பெண் ஒருத்தி பம்ப்பைத் தொட்டதே இல்லை. கையாலேயே பீய்ச்சி எங்கள் எல்லோரையும் விட அதிகம் எடுப்பாள். தமிழ் அவ்வளவாக வராது, என் கையைப் பிடித்து விரல் வைக்கும் இடத்தை அவள்தான் சரிசெய்து விட்டாள். இன்னொரு பெண்ணுக்கு என்ன செய்தும் தேவையான அளவு வரவில்லை. அவள் பிள்ளைக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த வங்கியைப் பற்றி நம் ஊரில் இன்னும் தயக்கம் இருக்கிறது. மும்பை சயான் மருத்துவமனையில் 1989-லேயே தொடங்கிய ஏற்பாடு இது. தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கொடுக்கும் தாய்க்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி போன்ற பரிசோதனைகள் செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் சேமிப்பார்கள். அந்தப் பெண்ணிடம் "உன் பால் இல்லையா?" என்று பார்வையாளர் ஒருவர் கேட்டபோது, அறையில் இருந்த எல்லோருமே அவளுக்காகப் பேசினோம். பாட்டிலில் தெரிகிற அளவை வைத்து ஒரு தாயை எடை போடுவது கொடுமை. சிலர் பாட்டில் மேல் குழந்தையின் சாக்ஸை மாட்டிவிட்டுத்தான் பம்ப்பை ஓட விடுவார்கள். அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பதற்றத்தில் பால் இறங்குவது நின்றுவிடுகிறது. எனக்கும் அது உதவியது.

ஆனால் எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது கங்காரு பராமரிப்பு. மகளின் உடல்நிலை கொஞ்சம் தேறியதும் வெறும் டயப்பரோடு என் நெஞ்சில் கிடத்தினார்கள். இறக்கிக் கொடுத்த உடனே பம்ப் வைத்தால் அன்றைய நாளின் அதிகபட்சம் அப்போதுதான் வரும். அவளால் விழுங்க முடிந்த பிறகு குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் கொடுக்கப் பழக்கினார்கள். ஃபீடிங் பாட்டிலே உள்ளே வரவில்லை. அப்புறம் மெதுவாக நேரடியாக மார்பில். முதலில் சில மடக்கு, உடனே தூங்கிவிடுவாள். அதனால் வீட்டுக்கு வந்த பின்னும் கொஞ்ச காலம் மூன்று வேலையும் சேர்ந்தே நடந்தன: நேரடியாகக் கொடுப்பது, பாலாடையில் கொடுப்பது, பம்ப் செய்வது. என் வாழ்க்கையில் மிகவும் களைத்துப்போன காலம் அதுதான். இரவில் பம்ப் பாகங்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொதிக்க வைக்கும் வேலையை என் கணவர் முழுசாக ஏற்றுக்கொண்டார். அது இல்லாமல் போயிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். பம்ப் வாங்கிக் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கும் அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, ஓய்வு இடைவேளை போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்பது அதற்கு முன்பிருந்தே சட்டத்தில் இருக்கிறது. என் அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியதும், தாழ்ப்பாள் போட்ட ஸ்டோர் ரூம் ஒன்றை ஒதுக்கினார்கள். கழிப்பறையில் நின்று பால் எடுக்கச் சொன்னால் மட்டும் யாரும் சம்மதிக்காதீர்கள், அது குழந்தையின் சாப்பாடு. வெளியூர் போகும் நாட்களில் பேருந்து நிலையத்தில் இருக்கும் தாய்மார்கள் பாலூட்டும் அறையில் கைப்பம்ப் வைத்து எடுத்திருக்கிறேன். 2015-இல் தமிழக அரசு திறந்த அறைகள் அவை. பூட்டிக் கிடந்தால் சாவி கேளுங்கள்.

எடுத்த பாலை 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கணக்குச் செல்லாது, உடனே ஐஸ் பை. ஃப்ரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும், கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். மேலே கொழுப்பு தனியாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்துக் கதகதப்பாக்கினால் போதும். நன்றாக இருந்த பம்ப் திடீரென்று இழுக்காமல் போனால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் அதிலிருக்கும் சின்ன சிலிகோன் வால்வைப் பாருங்கள். அது தளர்ந்திருக்கும், மாற்றினால் சரியாகிவிடும்.

மகளுக்கு ஒரு வயது தாண்டியதும் பம்ப்பை நிறுத்த முடிவு செய்தேன். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) சொன்னார், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். எனக்குப் பால் வற்ற வேண்டாம், காலையிலும் இரவிலும் அவள் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால் அலுவலகத்தில் எடுப்பதை மட்டும் சில நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். கட்டிக்கொண்டு வலித்த நாளில் வலி தீரும் அளவுக்கு மட்டும் கையால் எடுத்துவிட்டேன். அந்த சிஸ்டர் கற்றுக்கொடுத்த அதே முறைதான். மகள் இரண்டு வயது வரை குடித்தாள்.