பள்ளத்து ஒரு மா

“இன்சூரன்ஸ் எனக்கா தம்பி, ஊருக்கா?”

அந்த அக்கா கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

திருவாரூர்ப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. மொத்தம் இரண்டு ஏக்கர், அதில் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, பள்ளம். அங்கே மட்டும் ஆண்டுதோறும் மாப்பிள்ளைச் சம்பா போடுவார். ஆளுயரம் வளரும், தண்ணீர் நின்றாலும் தாங்கும், விளைச்சல்தான் குறைவு. அதை விடச் சொன்னவன் நான். மேட்டில் போடும் ஆடுதுறை ரகத்தையே பள்ளத்திலும் போடுங்கள், வெள்ளத்துக்குத்தான் பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்றேன். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் விவசாயியின் பங்கு. ஏக்கருக்கு ஐந்நூற்றுச் சொச்சம். கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கலை வாங்கிக் கொடுத்து, நவம்பர் 15 கெடுவுக்குள் கட்டவும் வைத்தேன்.

கார்த்திகையில் பள்ளம் ஒன்பது நாள் முழுகிக் கிடந்தது. மற்ற வயல்கள் தப்பித்தன. ஆனால் இழப்பீட்டைத் தீர்மானிப்பது தனி வயல் அல்ல, ஊரின் சராசரி விளைச்சல். அதை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்குக் குலுக்கலில் விழுந்த சர்வே எண்களில் பள்ளம் இல்லை. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி எடை போட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன். “பரவாயில்லையே, நல்ல எடை” என்று வாய்விட்டு வேறு சொன்னேன். ஊர்ச் சராசரி குறையவில்லை. இழப்பீடு இல்லை.

கணக்குப்படி என் யோசனை தப்பில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முழுகினாலும் மற்ற இரண்டு ஆண்டு விளைச்சல் ஈடுகட்டிவிடும். ஆனால் அந்த ஒரு மா நெல் விற்க அல்ல, வீட்டுச் சோற்றுக்கு என்பதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த ஆண்டு அரிசி வாங்க இரண்டு ஆடுகள் போயின.

ஊர்ச் சராசரி பற்றி அவரிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு. பைக்கை உதைத்துக் கிளப்பியபடி சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எல்லோரிடமும் முதலில் அதைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிலர் கட்டாமலே விட்டார்கள். அடுத்த ஆண்டு அறுவடை நேரத்து மழையில் ஊர் முழுக்கக் கதிர் சாய்ந்து முளைத்தது. கட்டியவர்களுக்குப் பணம் வந்தது. கட்டாத ஒருவர் டீக்கடையில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவும் என் கணக்கில்தான் சேருமா? உண்மையைத்தானே சொன்னேன்.

அக்கா பிரீமியம் கட்டியிருந்தார். பள்ளத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் போட்டிருந்தார். இரண்டுக்கும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.